மெஷினுக்கு விட்ட வழி

1

எங்கள் வீட்டுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு மக்காச்சோளக் கொல்லை இருக்கிறது. போன மாதம் அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் பலகை முளைத்தது. இந்த நிலத்தை விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்பு மண்டலத்துக்கு மாற்றச் சொல்லி மனு வந்திருக்கிறது, கவுண்டி அலுவலகத்தில் பொது விசாரணை நடக்கும், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து பேசலாம் என்று அதில் எழுதியிருந்தது. அமெரிக்காவில் கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலத்தில் பயிர் வைக்கலாம், எதில் வீடு கட்டலாம் என்று இங்கே அதுதான் முடிவு செய்கிறது.

பலகையைப் படித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினான்கு வருடமாகச் சமையலறை ஜன்னல் வழியாக அந்தச் சோளத்தைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அது ஓர் ஆறுதல். அதில் அறுபது வீடு வரப்போகிறதாம். இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று சாப்பாட்டு மேஜையில் கத்தினேன். என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, நம் வீடும் சோளக்கொல்லையில் கட்டியதுதானே அம்மா, தெருவுக்கே பழைய பண்ணைத் தெரு என்றுதானே பெயர் என்றாள். சொன்னது இங்கிலீஷில். அவளுடைய தமிழ், தாத்தா திதியன்று மாமாவிடம் போனில் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதோடு சரி.

அதே வாரம் ஊரிலிருந்து அண்ணி ஒரு வீடியோ அனுப்பினார். வழக்கமாக வீடியோ அனுப்புவது அண்ணன். ரோட்டோரத்தில் இருக்கும் என் வயலை நின்று எடுத்து, 'உன் வயல் நல்லா இருக்கு' என்று ஒரு வரி போடுவார். நானும் ஒரு பச்சை இதயத்தைத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அண்ணி அனுப்பியது அந்த வயல் இல்லை. வெடித்துக் கிடந்த நாற்றங்காலும், கையகல உயரத்தில் காய்ந்து நின்ற நாற்றும், பின்னால் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக் கற்களும் அதில் தெரிந்தன. கீழே, 'இது உங்க அண்ணன் வயலு. இதையும் பாரு வசந்தா' என்று எழுதியிருந்தார்.

புரட்டாசி மாதம். மேட்டூர் திறந்து எத்தனையோ நாளாகி, ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிற நேரம். நாற்று எப்படிக் காயும்?

2

எங்கள் நிலம் எப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தார் ரோட்டை ஒட்டி முதலில் இருப்பது என் பாகம். அப்பா காலமாகி நிலத்தைப் பிரித்தபோது, வெளியூரில் இருக்கிற பொண்ணு, அவளுக்கு ரோட்டோரமே இருக்கட்டும் என்று அண்ணனே விட்டுக்கொடுத்தார். அதற்குப் பின்னால் ராமலிங்கம் மாமாவின் ஐந்து ஏக்கர். அதற்கும் பின்னால், கடைசியில், அண்ணனுடைய வயல். மூன்றுக்கும் வாய்க்கால் ஒன்றுதான். ரோட்டோர மதகில் தொடங்கி, என் வயல் ஓரமாக ஓடி, மாமா வயலைத் தாண்டி, அண்ணன் வயலில் போய் முடியும். என் வயலில் பயிர் வைப்பதும் அண்ணன்தான்.

இப்போது எங்கள் பக்கத்தில் கையால் அறுப்பவர்கள் கிடையாது. அறுவடை மெஷின்தான். அது ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டுமானால் ரோட்டோர வயல் அறுத்திருக்க வேண்டும். முன்னால் பயிர் நிற்கும்போது அதன் மேல் மெஷினை ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதனால் ரோட்டோரத்துக்காரர் முதலில் நடுவார், முதலில் அறுப்பார், பின்னால் இருப்பவர்களுக்கு வழி விடுவார். இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. மெஷின் வந்த புதிதில் அப்பா சீக்கிரம் விளைகிற ரகமாகப் பார்த்து வாங்கி விதைத்ததற்கு இதுதான் காரணம். நம்மால் உள்ளே இருப்பவன் காத்திருக்கக் கூடாது என்பார். அந்த ஒரு மரியாதையில்தான் அந்த ரோடு நெடுகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் சண்டை இல்லாமல் நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோனது.

அந்த மரியாதையைக் கெடுத்தவள் நான். கெடுக்கும்போது நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன்.

3

மூன்று வருடத்துக்கு முன்னால் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த வருடம் அண்ணனுக்கு என் வயலில் நடவு பிந்திவிட்டது. ராமலிங்கம் மாமாவின் நெல் பழுத்து நின்றது, என் வயல் இன்னும் பால் முற்றவில்லை. இரண்டு நாளில் அறுத்துவிடலாம், மூன்று நாளில் அறுத்துவிடலாம் என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது தை மாதத்தில் வரக்கூடாத மழை வந்தது. மாமாவின் பயிர் அப்படியே சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. கதிரிலேயே முளை கட்டியது. அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் சேகர் வந்தான். எங்கள் பள்ளியில் எனக்கு நாலு வகுப்பு கீழே படித்தவன், இப்போது நிலம் வாங்கி விற்கிற தரகு வேலை. ராமலிங்கம் மாமா கேட்கச் சொன்னார் என்று ஆரம்பித்தான்.

"அக்கா, உங்க வயல் ஓரமா வாய்க்காலை ஒட்டி நிரந்தரமா ஒரு பாதை விட்டுட்டீங்கன்னா, மெஷின் எப்ப வேணா உள்ள போயிடும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல. ஆனா வாய் வார்த்தையா வேணாங்க்கா. நாளைக்கு உங்க பொண்ணு காலத்துல பிரச்சனை வரும். எழுதிடுங்க."

எழுதிடுங்க என்ற சொல்லில் நான் விழுந்தேன். வெளிநாட்டில் இருபது வருடம் இருந்தவளுக்கு அதைவிட இனிப்பான சொல் வேறு என்ன? இங்கே நாய்க்கு லைசென்ஸ், மரம் வெட்ட அனுமதி, பக்கத்து வீட்டு வேலி எத்தனை அடி உயரம் என்பது வரைக்கும் காகிதம். காகிதத்தில் இருந்தால் நியாயம் நடக்கும் என்று மனது பழகிவிட்டது.

அண்ணன் வேண்டாம் என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"மெஷினுக்கு வழி விடுறது நாம பாத்து விடுறது, வசந்தா. எழுதிட்டா அது நம்ம கையில இல்ல."

நான் அவருக்கு வகுப்பு எடுத்தேன். நம் ஊர் உருப்படாததற்கே காரணம் எதையும் எழுதாததுதான், மாமாவின் நெல் முளைத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகும் இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பகல் முழுக்கப் போனது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் இருக்கிறது, பட்டாவில் வெறும் இனிஷியல்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இன்னொரு காகிதம், அதற்கு இரண்டு சாட்சி. நீங்கள் இந்தியக் குடிமகள் இல்லையே, இனிமேல் விவசாய நிலம் வாங்க முடியாது தெரியுமா என்று எழுத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மைதான். பிறந்த மண்ணில் ஒரு குழி நஞ்சை நான் விலைக்கு வாங்க முடியாது. வந்ததை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு மட்டும் யாரும் தடை சொல்லவில்லை.

பத்திரத்தை நான் படித்தேன். படிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் பெயர், அப்பா பெயர், சர்வே எண், நான்கு எல்லை எல்லாவற்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று அடி அகலம் என்று இருந்தது. மெஷினுக்கு அவ்வளவு எதற்கு என்று கேட்டதற்கு, எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க வேண்டாமாக்கா என்றான் சேகர். சரி என்று கையெழுத்துப் போட்டுக் கைரேகையும் வைத்தேன். வெளியே வந்ததும் அவன் இளநீர் வாங்கிக் கொடுத்தான். பெரிய மனுஷி ஆகிவிட்ட நினைப்பில் குடித்தேன்.

4

அடுத்த வருடமே ராமலிங்கம் மாமா நிலத்தை விற்றுவிட்டு பெங்களூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். விற்றுக் கொடுத்தவன் சேகர். முந்தின வருடம் வரை நெல் விளைந்த ஐந்து ஏக்கர், கிராமக் கணக்கில் பல வருடமாகத் தரிசு என்று எப்படி மாறியதோ எனக்குத் தெரியாது. மாறியது. மண் கொட்டினார்கள், கல் நட்டார்கள், நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டினார்கள். 'சுற்றிலும் வயல், நடுவில் உங்கள் வீடு' என்று விளம்பரம் போட்டார்கள். இந்த வெட்கம் கெட்ட வரியை எழுதியவனை நேரில் பார்க்க ஆசை.

எங்கள் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அதற்கென்று சட்டமே இருக்கிறது. சட்டம் வந்தபோது இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கேசரி கிண்டிக் கொண்டாடினோம். பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்க வருகிறவனை அது தடுக்கும். வயலில் மண்ணைக் கொட்டி மனை போடுகிறவனை அது கண்டுகொள்ளாது. மனையே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கும் வீடு வேண்டும், ஒரே வீட்டில் மூன்று குடும்பம் எத்தனை நாள் இருக்கும்? ஒரத்தநாட்டுப் பக்கம் போனால் ஆற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் கிடக்கிறது. ஊரை ஒட்டிப் பாழடைந்த மில் இடங்கள் கிடக்கின்றன. எது வீட்டுக்கு, எது நெல்லுக்கு என்று உட்கார்ந்து ஒரு வரைபடம் போட ஒருவருக்கும் நேரமில்லை. எவன் முதலில் கல் நடுகிறானோ அவன் போட்டதுதான் வரைபடம்.

இதையெல்லாம் அப்போதே தெரிந்துகொண்டேன். ராமலிங்கம் மாமாவைத் திட்டினேன், சேகரைத் திட்டினேன், அதிகாரிகளைத் திட்டினேன். என் வயல் ஓரத்துப் பாதையில் மனைக்காரர்கள் தார் போட்டுவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னபோது, மெஷின் வர வசதிதானே என்றேன். அவர் ம் என்றார். அந்த 'ம்'மை நான் காதில் வாங்கவில்லை.

5

கவுண்டி விசாரணைக்கு இனியாவும் வந்தாள். பள்ளியில் அரசியல் பாடத்துக்கு இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்து எழுதினால் கூடுதல் மதிப்பெண்ணாம். எனக்காக வரவில்லை என்பதைக் காரில் ஏறும்போதே தெளிவுபடுத்திவிட்டாள்.

ஆளுக்கு மூன்று நிமிடம். என் முறை வந்ததும் எழுந்து போய்ப் பேசினேன். நான் நெல் விளையும் நாட்டிலிருந்து வந்தவள், விளை நிலத்தில் ஒரு முறை கான்கிரீட் போட்டால் திரும்ப எடுக்க முடியாது, தண்ணீர் போகிற வழி ஓரிடத்தில் அடைபட்டால் கடைசி வயல் சாகும் என்றேன். வேகத்தில் நடுவே 'வாய்க்கால்' என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். குறிப்பு எடுத்த அம்மாள் நிறுத்தி, அதை எப்படி எழுதுவது என்று கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சிலர் கை தட்டினார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இனியா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு நிலத்துக்காரர் டேல் எழுந்தார். எழுபது வயது இருக்கும். நிலத்தைப் பயிருக்கென்றே காப்பாற்ற கவுண்டியில் ஒரு திட்டம் உண்டு. வீடு கட்டும் உரிமையை மட்டும் கவுண்டி விலைக்கு வாங்கிக்கொள்ளும், நிலம் விவசாயியிடமே இருக்கும். அதற்கு அவர் எப்போதோ மனுப் போட்டுவிட்டு வரிசையில் இருக்கிறாராம். வரிசை நகரவில்லை, என் முழங்கால் அதுவரை காத்திருக்காது என்றார். இரண்டு மகன்களும் நகரத்தில் இருக்கிறார்கள், யாரும் டிராக்டர் ஏற வரப்போவதில்லை. என் சோளத்தைப் பார்த்துக்கொண்டே வாழ ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் இங்கே வந்திருக்கிறீர்கள், இத்தனை வருடத்தில் ஒருவர் கூட என் வீட்டுக் கதவைத் தட்டிச் சௌக்கியமா என்று கேட்டதில்லை என்றார். அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார் என்று இல்லை. ஆனாலும் என் முகம் சுட்டது. பதினான்கு வருடத்தில் அவர் பெயரையே அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் பேசியவர் கவுண்டியின் திட்ட அலுவலர், முப்பது வயதுப் பெண். திரையில் வரைபடத்தைப் போட்டார். எங்கள் சின்னத் தெரு இன்னும் அறுபது வீட்டு வண்டிகளைத் தாங்காது, டேலின் நிலத்துக்கும் பெரிய சாலைக்கும் நடுவே இன்னொருவர் நிலம் இருக்கிறது. அதன் ஓரமாக ஒரு பாதை. அந்தப் பாதை இல்லாவிட்டால் இந்த அறுபது வீடும் இல்லை, எனவே முதலில் அந்தப் பாதை யாருக்காக, எதற்காக விடப்பட்டது என்று பார்த்தேன் என்றார். பழைய பத்திரம் ஒன்றைத் தேடி எடுத்திருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்தது. பயிர் அறுக்கும் இயந்திரம் உள்ளே போய் வர மட்டும், வேறு எதற்கும் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி இருக்கும் வரை இந்தத் திட்டத்துக்கு வழி கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். மனுவைத் திருப்பி அனுப்பினார்கள்.

சுற்றிலும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அறுக்கும் இயந்திரம், ஓரமாகப் பாதை, பக்கத்து நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்தது. அந்தப் பெண் திரையில் காட்டியது டேலின் நிலத்தை. எனக்குத் தெரிந்தது நீடாமங்கலத்து வயல்.

6

வீட்டுக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் பத்திரத்தின் நகலை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. 'மேற்படி பாதையில் பின்னிட்ட நிலத்துக்காரரும் அவரது வாரிசுகளும், அவரிடமிருந்து கிரயம் பெறுபவர்களும், ஆட்களும் சகலவித வாகனங்களும் எக்காலத்திலும் போக்குவரத்து செய்துகொள்ள வேண்டியது.' மெஷின் என்ற சொல் பத்திரம் முழுக்க எங்கேயும் இல்லை. அறுவடை இல்லை, விவசாயம் இல்லை. இருபத்து மூன்று அடி மட்டும் இருந்தது, மனைப்பிரிவுக்கு வேண்டிய ரோட்டின் அகலம். பாதை இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை என்று இருந்தது, அதற்குள்தான் வாய்க்காலும் ஓடுகிறது. வாய்க்கால் என்ற சொல்லும் இல்லை. அப்பா பெயரின் இனிஷியலைச் சரிபார்த்த மகாராணி நான், எதற்காகக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இனியா பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். ஒரு பத்திரத்தைத் தமிழில் படித்து இங்கிலீஷில் மகளுக்கு விளக்கும் கொடுமையை என் எதிரிக்கும் தரக் கூடாது. முழுதும் கேட்டுவிட்டு, கூட்டத்தில் அத்தனை பேருக்கு முன்னால் பேசினாயே, உன் அண்ணன் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்றாள். உன் அண்ணன் என்றுதான் சொன்னாள், மாமா என்று வரவில்லை. அவளை ஓர் அறை அறையலாம் போல இருந்தது. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதால் அந்தக் கோபத்தையும் விழுங்க வேண்டியதாயிற்று.

அண்ணியிடம் கேட்டு மீதியைத் தெரிந்துகொண்டேன். மனைக்காரர்கள் வாய்க்காலை மூடி, அதன் மேல் ரோடு போட்டு, அடியில் ஒரு குழாய் புதைத்திருக்கிறார்கள். என் வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையைத் தாண்டியதும் குழாய் தொடங்குகிறது. அதனால் என் வயலுக்கு ஒரு குறையும் இல்லை. குழாயின் வாய் வாய்க்காலின் தரையைவிட ஒரு சாண் மேலே இருக்கிறது. மதகில் தண்ணீர் முட்டி நின்றாலும் குழாய்க்குள் ஏறுவது கொஞ்சம்தான். அதுவும் மனைகளைத் தாண்டிக் கடைசி வயலுக்கு வருவதில்லை. போன வருடம் கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறு. வடிய வழியில்லாமல் அண்ணனின் பயிர் அழுகிப்போனது. இந்த வருடம் வடிகாலில் எஞ்சின் வைத்து இறைத்துப் பார்த்திருக்கிறார். நாற்றங்காலுக்குக் கூடப் போதவில்லை. இரண்டு வருடமும் எனக்கு வந்த வீடியோவில் என் வயல்தான் இருந்தது.

வாய்க்காலைத் திறக்கச் சொல்லி அண்ணன் ஜமாபந்தியில் மனுக் கொடுத்ததாகவும் அண்ணி சொன்னார். அதற்கு என்ன பதில் என்று கேட்டேன். வருடத்துக்கு ஒரு முறை கிராமக் கணக்கைத் தாலுகாவில் வைத்துச் சரிபார்க்கும் நாளில் யாரும் மனுக் கொடுக்கலாம். அண்ணி பதிலைப் படம் பிடித்து அனுப்பினார். நான்கே வரி. மனுதாரர் குறிப்பிடும் வாய்க்கால் எதுவும் கிராமக் கணக்கில் இல்லை. பாதை, பட்டாதாரரான மனுதாரரின் சகோதரியால் பதிவுப் பத்திரம் மூலம் விடப்பட்டது. மனு முடித்துவைக்கப்பட்டது.

நான் பார்த்த நாளெல்லாம் தண்ணீர் ஓடிய வாய்க்கால் தாலுகா கணக்கில் இல்லை. என் கையெழுத்து இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கவுண்டி விசாரணைக் குறிப்பில் வாய்க்கால் என்ற சொல் எழுத்து எழுத்தாக ஏறியிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனுவைக் கொடுத்துவிட்டு அண்ணன் மேஜைக்கு முன்னால் நின்றிருப்பார். உங்க தங்கச்சியே எழுதிக் கொடுத்திருக்காங்களேய்யா என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்திருப்பார். ஊர் வந்து சேரும் வரை பஸ்ஸில் என்ன நினைத்திருப்பார்?

மன்னார்குடியில் ஒரு வக்கீலிடம் போனில் பேசினேன். பதிவு செய்த பத்திரத்தை நான் ஒருத்தியாக ரத்து செய்ய முடியாதாம், வழக்குப் போட வேண்டும், வருடக்கணக்கில் ஆகும். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் எழுதிக் கொடுத்தவர் நேரில் ஆஜராகி, மெஷினுக்காக மட்டுமே விட்டேன், வாய்க்காலை விடவில்லை என்று சொன்னால்தான் கொஞ்சமாவது எடுபடும் என்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பத்திரத்தில் இருப்பதைச் சொன்னேன். மனுவுக்கு வந்த பதிலையும் பார்த்துவிட்டேன் என்றேன். எல்லாம் என்னால்தான் என்றும் சொன்னேன். இனியா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு ஜமாபந்தியிலயே தெரியும், வசந்தா. அவ்வளவு தூரத்துல இருக்க, சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன்."

தைக்கு வருகிறேன் அண்ணே என்றேன். அறுவடை சமயத்தில் பத்து நாள் லீவு கிடைக்கும், கோட்டாட்சியர் முன்னால் வந்து நிற்கிறேன், இதை எதற்காக விட்டேன் என்று என் வாயால் சொல்கிறேன் என்றேன். என் குரலில் கவுண்டி கூட்டத்தில் பேசிய அதே வேகம் வந்துவிட்டது. அண்ணன் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"வா. வந்து சொல்லு. நேத்து மெஷின்காரரு போன் பண்ணாரு. தையில எத்தனாம் தேதி வண்டி வேணும்னு கேட்டாரு. முன்னயெல்லாம் ரோட்டோரத்த அறுத்தாதான் உள்ள வரலாம், கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுவேன். இப்ப தார் ரோடு என் வரப்பு வரைக்கும் வந்து நிக்குது, நீங்க எந்த நேரம் வேணாலும் வரலாங்க, என் வயல்ல அறுக்கத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."